சென்னை வீட்டு ஏசிக்கு ஸ்மார்ட் தெர்மோஸ்டாட்: எதை மாட்டலாம், எதைத் தொடக்கூடாது

சென்ற ஆண்டு கத்திரி வெயில் முடியும் தறுவாயில் அமெரிக்காவின் டாலஸிலிருந்து வந்த தம்பி, அம்மாவுக்கென்று ஒரு ஸ்மார்ட் தெர்மோஸ்டாட் (அறையின் வெப்பத்தைப் பார்த்து ஏசியைப் போட்டு அணைக்கும் சுவர்க் கருவி) வாங்கி வந்திருந்தான். உள்ளங்கை அகலத்தில் வட்டமான கண்ணாடி முகம். தொட்டால் எண்கள் ஒளிர்கின்றன. அவன் வீட்டிலும் அதே கருவிதான். அலுவலகத்திலிருந்து கிளம்பும்போதே கைப்பேசியில் வீட்டைக் குளிரவைத்துவிடுகிறான். நங்கநல்லூரில் தனியாக இருக்கும் அம்மாவின் அறைக்கும் அப்படி ஒன்று அமைந்துவிட்டால் தானே அங்கிருந்து பார்த்துக்கொள்ளலாம் என்பது அவன் ஆசை.

ஆசையில் பிழை இல்லை. அம்மாவுக்கு எழுபத்து நான்கு வயது. இரவு பத்து மணிக்கு ஏசியைப் போட்டுக்கொண்டு படுப்பார். இரண்டு மணிக்குக் குளிர் தாங்காமல் எழுந்து, கண்ணாடியைத் தேடாமல், ரிமோட்டில் கைக்கு அகப்பட்ட பொத்தானை அழுத்தி அணைத்துவிடுவார். நான்கு மணிக்கு வியர்த்துக்கொட்டி மறுபடியும் விழிப்பு. இரவில் இரண்டு முறை எழுந்து நடக்கும் வயதானவருக்கு விழுந்துவிடும் ஆபத்தும் உண்டு. அவருக்கு வேண்டியது ஒன்றே ஒன்று: இரண்டு மணிக்கு அறை தானாக இரண்டு டிகிரி சூடாக வேண்டும்.

நான் மின்னியல் டிப்ளமோ படித்து, பழைய மகாபலிபுரம் சாலையில் ஓர் அலுவலகக் கட்டடத்தின் பராமரிப்பில் வேலை செய்பவள். பெட்டியைத் திறக்கும் முன்பே எனக்குச் சந்தேகம் இருந்தது. இருந்தாலும் தம்பியின் முகத்துக்காக, வழக்கமாக வரும் எலக்ட்ரீஷியனை வரச் சொன்னேன். அவர் கருவியின் முகத்தைக் கழற்றிப் பின்தட்டைப் பார்த்தார். வரிசையாகச் சிறு துளைகள், ஒவ்வொன்றின் பக்கத்திலும் ஓர் ஆங்கில எழுத்து. "அக்கா, இதற்கு 24 வோல்ட் வேண்டும் என்று போட்டிருக்கிறது. நம் வீட்டில் அது எங்கே இருக்கிறது?" என்று கேட்டார். சரியான கேள்வி. அந்த ஒரு கேள்வியிலேயே பாதி முடிவு அடங்கியிருக்கிறது.

அமெரிக்க வீடுகளில் குளிரும் வெப்பமும் ஒரே பெரிய இயந்திரத்திலிருந்து குழாய்கள் வழியாக எல்லா அறைகளுக்கும் போகின்றன. அந்த இயந்திரத்தில் உள்ள ஒரு டிரான்ஸ்ஃபார்மர், வீட்டு மின்சாரத்தை 24 வோல்ட்டாகக் குறைத்து, மெல்லிய கம்பிகளில் சுவருக்கு அனுப்புகிறது. ஆர் என்ற கம்பியில் மின்சாரம் வருகிறது. தெர்மோஸ்டாட் அதை ஒய் கம்பியோடு இணைத்தால் கம்ப்ரசர் ஓடும். ஜி கம்பியோடு இணைத்தால் விசிறி ஓடும். டபிள்யூவோடு இணைத்தால் குளிர்காலத்து உலை எரியும். சி என்பது திரும்பிச் செல்லும் பொதுக் கம்பி. வைஃபை உள்ள கருவிக்கு ஓயாமல் மின்சாரம் வேண்டும் என்பதால் அது முக்கியம். அங்கே பழைய வீடுகளில் இந்தச் சி கம்பி இல்லாததுதான் பெரிய தலைவலி. அதற்கென்றே அடாப்டர்கள் விற்கிறார்கள். ஆக, அங்கே தெர்மோஸ்டாட் என்பது அறிவுள்ள ஒரு சுவிட்ச்.

நம் வீட்டு ஸ்பிளிட் ஏசியில் அந்தச் சுவிட்ச் ஏற்கெனவே உள்ளே இருக்கிறது. உட்புற யூனிட்டின் முன்மூடியைத் தூக்கி வலை வடிகட்டியைக் கழற்றினால், குளிர்ச்சுருளுக்கு முன்னால் ஒரு பிளாஸ்டிக் கவ்வியில் மிளகு அளவில் ஒரு குமிழ் செருகியிருப்பது தெரியும். அதுதான் அறைக் காற்றின் வெப்பத்தை உணர்வது. அது சொல்வதைக் கேட்டு, பக்கவாட்டில் உள்ள சர்க்யூட் போர்டு முடிவெடுக்கிறது. உள் யூனிட்டிலிருந்து வெளி யூனிட்டுக்குப் போகும் கேபிளில் ஓடுவது 230 வோல்ட். இன்வெர்ட்டர் ஏசியாக (கம்ப்ரசரின் வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் வகை) இருந்தால் இரண்டு போர்டுகளும் பேசிக்கொள்ளும் சிக்னலும் அதோடு சேர்ந்து போகும். அதை நடுவில் வெட்டி அமெரிக்கத் தெர்மோஸ்டாட்டைச் சேர்க்கலாம் என்று யாராவது சொன்னால் அவரை வீட்டுக்குள் விடாதீர்கள். 24 வோல்ட்டுக்கான துளையில் 230 வோல்ட் போனால் கருவி அந்த நொடியே கருகும். சுவரில் தீயும் பிடிக்கலாம்.

எனவே "எந்தத் தெர்மோஸ்டாட் நல்லது" என்று சென்னையில் கேட்பதைவிட, "உள்ளே இருக்கும் தெர்மோஸ்டாட்டுக்கு நம் சொல்லை எப்படிக் கொண்டுசேர்ப்பது" என்று கேட்பதுதான் சரி. அதற்கு வழிகள் சில உண்டு. அவற்றை ஒன்றோடொன்று வைத்துப் பார்க்கிறேன்.

செலவே இல்லாத வழி

கடைக்குப் போகும் முன் ரிமோட்டைக் கையில் எடுத்து வெளிச்சத்தில் பாருங்கள். ஸ்லீப் என்ற பொத்தான் இருக்கும். அதை அழுத்திவிட்டால் பெரும்பாலான ஏசிகள் படிப்படியாக ஓரிரு டிகிரி வெப்பத்தை ஏற்றிக்கொள்ளும். பல மாடல்களில் டைமரும் உண்டு. இன்னும் சிலவற்றில் ஐ ஃபீல் அல்லது ஃபாலோ மீ என்ற பொத்தானைக் காணலாம். இதை நான் மனதார விரும்புகிறேன், ஆனால் பயன்படுத்துபவர்களை மிக அரிதாகவே பார்த்திருக்கிறேன். அதை அழுத்தினால் ஏசி தன் மூக்கடியில் உள்ள குமிழை விட்டுவிட்டு, ரிமோட்டுக்குள் இருக்கும் உணரி சொல்வதைக் கேட்கத் தொடங்கும்.

இதனால் என்ன லாபம் என்றால், உட்புற யூனிட் ஏழடிக்கு மேலே இருக்கிறது. சூடான காற்று மேலே தங்கும். மின்விசிறி ஓடாத அறையில் மேலே 24 டிகிரி வரும்போது கட்டில் மட்டத்தில் அதைவிடக் குளிர்ந்திருக்கும். அம்மா இரண்டு மணிக்கு நடுங்கியதற்கு ஒரு காரணம் இது. ரிமோட்டைத் தலைமாட்டு மேசையில், ஏசியைப் பார்த்தபடி வைத்தால் கட்டிலின் வெப்பமே கணக்காகிறது. தலையணைக்கு அடியில் போனால் பயனில்லை, ரிமோட்டின் ஒளி ஏசிக்கு எட்டாது.

ஒரு வாரம் இதைச் செய்து பாருங்கள். போதுமென்றால் ஒரு ரூபாய்கூடச் செலவழிக்க வேண்டாம். எங்களுக்குப் போதவில்லை. அம்மாவுக்கு ஸ்லீப் பொத்தானை அழுத்த நினைவிருப்பதில்லை. நடு இரவில் வேறு ஏதாவது பொத்தானை அழுத்தியதும் அது கலைந்துவிடும்.

சாக்கெட்டில் செருகும் ஸ்மார்ட் பிளக்

16 ஆம்பியர் ஸ்மார்ட் பிளக் ஆயிரம் ரூபாயை ஒட்டிய விலைக்குக் கிடைக்கிறது. ஏசி பிளக்குக்கும் சாக்கெட்டுக்கும் நடுவில் இதைச் செருகி, கைப்பேசியிலிருந்து அணைக்கலாம், போடலாம், யூனிட் கணக்கும் பார்க்கலாம். விளம்பரத்தில் பார்க்க எளிதான வழி. ஏசிக்கு இது வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. இதில் மட்டும் சற்று விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது.

எங்கள் மாடி வீட்டில் ஒன்றரை டன் ஏசிக்கு இப்படி ஒரு பிளக் போட்டிருந்தார்கள். இரண்டு மாதம் ஒன்றும் தெரியவில்லை. ஒரு நாள் மாலை அந்த வீட்டுப் பெரியம்மா, "அறையில் ஏதோ கவிச்சி வாடை அடிக்கிறது, வந்து பார்" என்று கூப்பிட்டார். கருகும் பிளாஸ்டிக்கும் மீன் கவிச்சியும் கலந்த வாடை அது. மின்சார வேலையில் இருப்பவர்களுக்கு மறக்காது. எம்சிபியை அணைத்துவிட்டுப் பிளக்கை இழுத்தேன். எளிதில் வரவில்லை. வந்தபோது ஃபேஸ் பின்னைச் சுற்றிப் பழுப்பு வளையம். சாக்கெட்டின் அந்தத் துளை நீள்வட்டமாக இளகியிருந்தது. உள்ளே பித்தளைக் கவ்வி பிடி தளர்ந்து நீலம் பாரித்திருந்தது. இன்னும் சில நாள் விட்டிருந்தால் திரைச்சீலைக்குத் தீ போயிருக்கும்.

காரணம் பிளக்கின் மேல் அச்சிட்ட எண்ணில் இல்லை. ஒன்றரை டன் ஏசி முழு வேகத்தில் ஏழு, எட்டு ஆம்பியர் இழுக்கும். அது 16க்குக் கீழேதான். ஆனால் இழுப்பது மணிக்கணக்காக. ஏற்கெனவே ஒரு செருகல் இருந்த இடத்தில் ஸ்மார்ட் பிளக் வந்ததும் இரண்டு செருகல்கள். ஒவ்வொன்றிலும் பிடி சற்றுத் தளர்ந்தால் அங்கே சூடேறும், சூடேறினால் பிடி இன்னும் தளரும். இன்வெர்ட்டர் இல்லாத பழைய ஏசியில் கம்ப்ரசர் கிளம்பும் நொடியில் மின்னோட்டம் பல மடங்கு எகிறும். பிளக்குக்குள் உள்ள சிறிய ரிலேயின் (மின்சாரத்தால் இயங்கும் சுவிட்ச்) முனைகள் ஒட்டிக்கொண்டுவிடலாம். அப்புறம் கைப்பேசியில் அணைத்தாலும் அணையாது.

சூட்டை விடுங்கள், வேலையிலும் இது பொருந்தாது. இன்வெர்ட்டர் ஏசி அறை குளிர்ந்ததும் கம்ப்ரசர் வேகத்தைக் குறைத்து மெல்ல ஓடிக்கொண்டிருக்கும். சிக்கனமே அங்கிருந்துதான் வருகிறது. மின்சாரத்தை வெட்டி வெட்டிக் கொடுத்தால் ஒவ்வொரு முறையும் அது முழு மூச்சில் ஓடி ஆரம்பிக்க வேண்டும். பல மாடல்கள் ரிமோட்டால் அணைத்த பிறகும் சற்று நேரம் விசிறியை ஓட்டிக் குளிர்ச்சுருளை உலர்த்துகின்றன. பிளக்கில் வெட்டினால் சுருள் ஈரத்தோடு நிற்கும். சென்னைக் காற்றில் ஒரு மாதத்தில் நனைந்த துணி வாடை வந்துவிடும். கடைசியாக, மின்சாரம் திரும்பியதும் எல்லா ஏசியும் தானாக ஓடாது. ஆட்டோ ரீஸ்டார்ட் இல்லாத மாடல் ரிமோட்டுக்காகக் காத்துக்கொண்டே இருக்கும்.

மின்சாரத்தை வெட்டி ஏசியைக் கட்டுப்படுத்துவதற்கு ஒரே ஒரு விலக்கு உண்டு. வட்டக் குமிழைத் திருகிக் குளிரை வைக்கும் பழைய ஜன்னல் ஏசி. மின்சாரம் வந்தால் ஓடும், போனால் நிற்கும். அதற்கும் பிளக் கூடாது. ஸ்மார்ட் ரிலே ஒரு காண்டாக்டரின் (பெரிய மின்னோட்டத்தைத் தாங்கும் காந்தச் சுவிட்ச்) சுருளை மட்டும் இயக்க, ஏசியின் பாரத்தைக் காண்டாக்டர் தாங்க வேண்டும். அணைத்ததும் மறுபடியும் போட மூன்று நிமிடம் இடைவெளி வைக்க வேண்டும், கம்ப்ரசருக்குள் அழுத்தம் சமனாக அந்த நேரம் தேவை. இது கைதேர்ந்த எலக்ட்ரீஷியன் செய்ய வேண்டிய வேலை. சுவிட்ச் போர்டில் நியூட்ரல் கம்பி இருக்கிறதா என்று முதலில் பார்க்கச் சொல்லுங்கள். ஸ்மார்ட் ரிலேக்கள் பெரும்பாலும் அது இல்லாமல் உயிர் பெறாது.

கீசருக்கு வேண்டுமானால் தரமான 16 ஆம்பியர் ஸ்மார்ட் சுவிட்ச் போடலாம். அதில் மோட்டார் இல்லை, ஓடுவதும் கால் மணி நேரம்தான்.

ரிமோட்டைப் போலப் பேசும் கருவி

ஐஆர் பிளாஸ்டர் என்று ரிச்சி தெருவிலும் இணையத்திலும் விற்பது இது. வைஃபை வழியாக நம் கட்டளையை வாங்கி, ரிமோட் அனுப்பும் அதே அகச்சிவப்பு ஒளியை ஏசியை நோக்கி வீசும். வயரைத் தொட வேண்டியதில்லை. கைப்பேசி சார்ஜர் போல ஐந்து வோல்ட் அடாப்டர் போதும். ஆயிரம், இரண்டாயிரம் ரூபாயில் எளிய வகை கிடைக்கும். சென்சிபோ போன்ற, ஏசிக்கென்றே செய்த கருவிகள் அதைவிட விலை கூடியவை. அவற்றில் வெப்பத்தையும் ஈரப்பதத்தையும் அளக்கும் உணரிகள் உள்ளேயே இருக்கும். பிராட்லிங்க் ஆர்எம்4 மினி போன்றவற்றில் உணரி உள்ள கேபிளைத் தனியாக வாங்க வேண்டும். வாங்கும்போது இந்த வேறுபாட்டைக் கவனியுங்கள். உணரி இல்லாத கருவி நேரத்துக்குப் போட்டு அணைக்குமே தவிர, அறையைப் பார்த்து முடிவெடுக்காது. தெர்மோஸ்டாட் என்ற பெயருக்குத் தகுதி உணரி உள்ளதற்குத்தான்.

ஏசி ரிமோட்டைப் பற்றித் தெரிந்துகொள்ள வேண்டிய ஒன்று உண்டு. டிவி ரிமோட்டில் ஒலியைக் கூட்டும் பொத்தானை அழுத்தினால் 'ஒலியைக் கூட்டு' என்ற ஒரு சொல் மட்டும் போகும். ஏசி ரிமோட் அப்படி இல்லை. 25லிருந்து 26க்கு ஏற்றினால், 'குளிர் நிலை, 26 டிகிரி, விசிறி இரண்டாவது வேகம், தகடு ஆடட்டும்' என்று முழு வாக்கியத்தையும் ஒவ்வொரு முறையும் அனுப்பும். அதனால்தான் ரிமோட்டின் சிறு திரையில் எல்லாம் தெரிகிறது. நினைவு ரிமோட்டில்தான் இருக்கிறது. இதிலிருந்து இரண்டு விஷயங்கள் பிறக்கின்றன.

ஒன்று, பொத்தான் பொத்தானாகக் கற்றுக்கொடுக்கும் வகை ஏசிக்குப் பயன்படாது. உங்கள் ஏசி மாடலின் குறியீட்டுத் தொகுப்பு அந்தச் செயலியில் இருக்க வேண்டும். கடைக்காரர் 'எல்லா ஏசிக்கும் ஆகும்' என்பார். திருப்பிக் கொடுக்கும் வசதி உள்ள இடத்தில் வாங்கி, குளிர், விசிறி, டிரை (ஈரத்தை எடுக்கும் நிலை), தகட்டின் ஆட்டம் என ஒவ்வொன்றையும் அன்றே சோதித்துவிடுங்கள்.

இன்னொன்று, பேச்சு ஒருவழிப் பாதை. ஏசிக்குச் சொல் எட்டியதா என்று கருவிக்குத் தெரியாது. நடுவில் யாராவது நின்றாலோ, அம்மா பழைய ரிமோட்டால் அணைத்துவிட்டாலோ, செயலி 26 என்றே காட்டிக்கொண்டிருக்கும். சில கருவிகள் பழைய ரிமோட்டின் ஒளியையும் கவனித்துத் தம் கணக்கைத் திருத்திக்கொள்கின்றன. வீட்டில் வயதானவர்கள் இருந்தால் இந்த வசதிக்காகக் கூடுதலாகக் கொடுக்கத் தயங்க வேண்டாம். அவர்கள் கையிலிருந்து ரிமோட்டைப் பிடுங்குவது நியாயமில்லை.

பொருத்துவதில் இடம்தான் எல்லாம். ஏசியை நேராகப் பார்க்க வேண்டும், ஆனால் ஏசியின் குளிர்காற்று நேராக அதன்மேல் விழக்கூடாது. டிவிக்குப் பின்னால், மேற்கு வெயில் காயும் சுவரில், ஸ்டெபிலைசரின் மேல் வைக்கக்கூடாது. கட்டிலின் உயரத்தில், கட்டிலுக்கு அருகில் வைத்தால் அதன் அளவு உங்கள் உடம்பு உணர்வதோடு ஒத்துப்போகும். பெரும்பாலான இந்தக் கருவிகளுக்கு 2.4 கிகாஹெர்ட்ஸ் வைஃபை மட்டுமே தெரியும். ரூட்டரில் இரண்டு அலைவரிசைக்கும் ஒரே பெயர் வைத்திருந்து கருவி சேர மறுத்தால், பொருத்தும் நேரத்துக்கு 5 கிகாஹெர்ட்ஸை அணைத்து வையுங்கள். மின்தடைக்கு வைத்திருக்கும் பேட்டரி இன்வெர்ட்டர் லைனில் ரூட்டரையும் இதையும் போடுவது நல்லது. மின்சாரம் வந்ததும் இவை ஏற்கெனவே விழித்திருக்கும், அட்டவணை தவறாது.

ஏசிக்குள்ளேயே வைஃபை

புதிய ஏசி வாங்கப்போகிறவர்களுக்கு இதுவே முதல் தேர்வு. இங்கே பேச்சு இருவழி. ஏசி நிற்கிறதா ஓடுகிறதா, ரிமோட்டில் யார் என்ன மாற்றினார்கள் என்பது செயலியில் அப்படியே தெரியும். அகச்சிவப்பு ஒளிக்குக் குறுக்கே யார் நின்றாலும் கவலை இல்லை. பழைய மாடல்கள் சிலவற்றுக்கு உற்பத்தியாளரே தனி வைஃபை அடாப்டர் விற்கிறார். அதற்கான முனை போர்டில் இருக்கிறதா என்று மாடல் எண்ணைச் சொல்லிச் சேவை மையத்தில் கேளுங்கள். வாரன்ட்டி காலத்தில் மூடியை நீங்களே கழற்ற வேண்டாம்.

குறையும் உண்டு. படுக்கையறையில் ஒரு நிறுவனம், கூடத்தில் வேறொன்று என்றால் இரண்டு செயலிகள். பல நிறுவனக் கருவிகள் ஒன்றோடொன்று பேசுவதற்கான மேட்டர் என்ற பொதுத் தரம் 2022 அக்டோபரில் வந்தது. அறை ஏசிகள் அதில் சேர்ந்தது 2023 அக்டோபரில் வந்த 1.2 பதிப்பில்தான். இன்னொரு குறை, வெப்பத்தை அளப்பது அதே மேலே உள்ள மிளகுக் குமிழ்தான். கட்டிலில் உணரி வைக்கும் ஐஆர் கருவி இந்த ஓர் இடத்தில் இதை வென்றுவிடுகிறது. வைஃபைக்காக மட்டும், நன்றாக ஓடும் ஏசியை மாற்றாதீர்கள்.

உண்மையிலேயே சுவரில் வயரிட வேண்டியவர்கள்

சென்னையிலும் அப்படிப்பட்ட வீடுகள் உண்டு, குறைவு. குளிர்ந்த நீர் குழாயில் வந்து ஒவ்வோர் அறையிலும் ஃபேன் காயில் யூனிட் (குளிர்நீர்ச் சுருளின் மேல் காற்றை ஊதும் பெட்டி) ஓடும் கட்டடங்கள் முதல் வகை. நான் வேலை செய்யும் இடத்திலும் அதுதான். இங்கே சுவரில் உள்ள தெர்மோஸ்டாட்டே எசமானர். ஆனால் அது அமெரிக்க வகை அல்ல: ஃபேஸ், நியூட்ரல், விசிறியின் மூன்று வேகங்களுக்கு மூன்று கம்பிகள், நீர் வால்வுக்கு ஒன்று என எல்லாமே பொதுவாக 230 வோல்ட்டில். இந்த வகைக்கென்றே வைஃபை தெர்மோஸ்டாட்டுகள் விற்கின்றன. 24 வோல்ட் வகையை இங்கே மாட்டவே கூடாது. மாற்றும்போது எம்சிபியை அணைத்து, டெஸ்டரோடு நிற்காமல் மல்டிமீட்டரிலும் பார்த்து, பழைய கருவியில் எந்தக் கம்பி எந்த எண்ணில் இருந்தது என்று புகைப்படம் எடுத்துக்கொண்ட பிறகே கழற்ற வேண்டும். கம்பியின் நிறத்தை நம்ப வேண்டாம். வால்வுக் கம்பியும் விசிறிக் கம்பியும் ஒரே நிறத்தில் வந்து நிற்பதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன்.

இரண்டாம் வகை, பெரிய அடுக்ககங்களில் உள்ள விஆர்எஃப் (ஒரே வெளி யூனிட்டிலிருந்து பல அறைகளுக்குக் குளிர் தருவது), டக்டபிள் (காற்றுக் குழாய் வழியாகக் குளிர் தருவது) ஏசிகள். சுவரில் கன்ட்ரோலர் இருக்கும், பின்னால் இரண்டே கம்பிகள் வரும். பார்த்தால் தெர்மோஸ்டாட் போலவே இருக்கும். அந்த இரு கம்பிகளில் ஓடுவது அந்த நிறுவனத்தின் சொந்த மொழி. வேறு எந்தத் தெர்மோஸ்டாட்டுக்கும் அது புரியாது. அந்த நிறுவனத்தின் வைஃபை அடாப்டரைத் தவிர வேறெதையும் அங்கே சேர்க்காதீர்கள்.

எவ்வளவு மிச்சமாகும்?

ஒன்றரை டன் இன்வெர்ட்டர் ஏசி இரவில் மணிக்குச் சராசரியாக முக்கால் யூனிட் எடுக்கிறது என்று வைத்துக்கொள்வோம். எட்டு மணி நேரத்துக்கு 6 யூனிட். மின்கட்டணம் கணக்கிடும் இரண்டு மாதத்துக்கு 360 யூனிட். ஒரு டிகிரி ஏற்றினால் ஏறத்தாழ 6 சதவீதம் மிச்சம் என்பது மத்திய எரிசக்தித் திறன் பணியகத்தின் கணக்கு. பாதி இரவுக்கு இரண்டு டிகிரி ஏற்றினால் சுமார் 20 யூனிட். தினமும் காலையில் மறந்து ஓடும் ஒரு மணி நேரத்தை அட்டவணை தடுத்தால் இன்னும் 45 யூனிட். தமிழ்நாட்டில் இரண்டு மாத அளவு 500 யூனிட்டைத் தாண்டினால் மேல் யூனிட்டுகளின் விலை ஏறுவதோடு, கீழ்ப்படியில் கிடைத்த குறைந்த கட்டணமும் கைவிட்டுப் போகிறது. 480க்கும் 560க்கும் நடுவில் ஊசலாடும் வீட்டுக்கு இந்த 65 யூனிட் பெரிய வித்தியாசம். வருடத்தில் இரண்டு மாதம் மட்டும் ஏசி போடும் வீட்டுக்கு, மின்கட்டணத்தை நினைத்து எதையும் வாங்க வேண்டியதில்லை.

வெப்பத்தைவிட ஈரப்பதத்தைப் பார்க்கச் சொல்வேன். 2020 ஜனவரியிலிருந்து நட்சத்திர முத்திரை பெற்ற அறை ஏசிகள் 24 டிகிரியில்தான் தொடங்க வேண்டும் என்று அரசு விதித்திருக்கிறது. நல்ல தொடக்கம். ஆனால் ஐப்பசி, கார்த்திகை மழையில் வெளியே 26 இருக்கும்போது ஏசி உடனே இலக்கை எட்டி அடங்கிவிடும். ஈரம் அறையிலேயே தங்கும். எண் சரியாக இருக்கும், உடம்பு மட்டும் பிசுபிசுக்கும். அந்த இரவுகளில் டிரை நிலைதான் சுகம். ஈரப்பத உணரி உள்ள கருவி, 70 சதவீதத்தைத் தாண்டினால் டிரைக்கு மாறு என்று வைத்தால் மாறிக்கொள்ளும். நம் ஊரின் தொல்லை வெயிலைக் காட்டிலும் புழுக்கம்தான். புழுக்கத்தை அளக்காத கருவிக்கு நான் இரண்டாயிரம் ரூபாய் கொடுக்க மாட்டேன்.

வாடகை வீட்டில் இருப்பவர்களுக்கு ஐஆர் கருவி. காலி செய்யும்போது பையில் போட்டுக்கொண்டு போகலாம், வீட்டுக்காரரிடம் கேட்க ஒன்றுமில்லை. சொந்த வீடு, ஏசிக்கு இன்னும் ஐந்தாறு வருட ஆயுள் இருக்கிறது என்றாலும் அதுவே. ஏசி பத்து வயதைத் தாண்டி, அடிக்கடி பழுதாகிறது என்றால் பொறுத்திருந்து, வைஃபை உள்ள இன்வெர்ட்டர் ஏசியாகவே வாங்கிவிடுங்கள்.

அம்மாவுக்கு, உணரி உள்ளதும் பழைய ரிமோட்டைக் கவனிப்பதுமான ஐஆர் கருவியை வாங்கினோம். முதலில் டிவி மேசையில் வைத்தேன். செயலி 29 என்றது, அம்மா போர்வையை இழுத்துக்கொண்டிருந்தார். டிவியின் சூடு. கட்டிலின் தலைமாட்டுக்கு மாற்றியதும் 26 ஆனது. பத்து மணிக்கு 25, ஒன்றரை மணிக்கு 27, ஐந்தரைக்கு அணைவது என்று அட்டவணை போட்டு, மின்விசிறியை இரண்டில் ஓடவிட்டோம். இரண்டு மணிக்குப் பதிலாக ஒன்றரை என்று வைத்தது தம்பியின் யோசனை: அறை சூடாக அரை மணி நேரம் ஆகும், அம்மா விழிக்கும் முன்பே ஆகிவிட வேண்டும் என்றான். அவனுக்கு டாலஸில் பகல். அம்மா தூங்கும் அறையின் எண்களை அங்கிருந்து பார்க்கிறான். வட்டத் தெர்மோஸ்டாட்டை அவனே திரும்ப எடுத்துப் போய், தன் வீட்டு மாடிக்கான தனி ஏசிக்கு மாட்டிக்கொண்டான். அங்கே சி கம்பி இருந்ததாம்.